அந்த மாத்திரை அவருக்குக் கேட்குதா?

மருந்துக்கடை கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கும் நண்பர்களுக்கு,

கொங்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையில், இருபத்தாறு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பவன் நான். இதைச் சங்கக் கூட்டத்தில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே ஜி.எஸ்.டி.யையும் ஆன்லைன் தள்ளுபடியையும் பேசி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

போன மாசியில் ஒரு சாயங்காலம், கடைக்கு வழக்கமாக வரும் அக்கா ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். துணிக்கடைப் பைக்குள்ளிருந்து க்ளோபிடோக்ரெல் 75 அட்டைகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். மூன்று முழு அட்டை, நாலாவதில் ஆறு மாத்திரை.

"தம்பி, இத வாபஸ் எடுத்துக்குவீங்களா? அவருக்கு மாத்திரைய மாத்திட்டாங்க. இது அவருக்குக் கேக்கலையாமாங்க."

வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டியவர். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை பக்கவாதம் லேசாக வந்து போயிருக்கிறது. மூளையின் நடுத்தமனியில் கடுமையான சுருக்கம் என்று கண்டு, தொடை வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்து ஆறாவது வாரம், காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணியது. கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாமல் கூட்டிக்கொண்டு ஓடினாரே, அது அந்த அக்காவின் கெட்டிக்காரத்தனம். ஸ்டென்டுக்குள் ரத்தக்கட்டி படியத் தொடங்கியிருந்தது. ரத்தம் எடுத்து ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். இத்தனை நாள் மாத்திரை சாப்பிட்டும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், அடங்கவே இல்லை என்று அதில் தெரிந்திருக்கிறது.

புதுச் சீட்டை நீட்டியபடி அவர் கேட்டார்: "சர்க்கரை மாத்திரை கேக்குதான்னா சர்க்கரை பாத்துத் தெரிஞ்சுக்கறோம். பிரஷர் மாத்திரைக்குக் கையில பட்டை கட்டிப் பாக்கறாங்க. இது கேக்குதா கேக்கலையான்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

இருபத்தாறு வருஷத்தில் இந்த மாத்திரையை எத்தனை ஆயிரம் அட்டை கொடுத்திருப்பேன்! ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

அவர் போன பிறகு பழைய பில்களைத் தேடி எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் க்ளோபிடோக்ரெலுக்குக் கீழ்வரியில் ஓமிப்ரசோல் 20 இருந்தது. சீட்டில் இல்லை. "வயிறு எரியுதுங்கறார், கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று அவர் கேட்க, நான் எடுத்துப் போட்டது. கட்டி படிந்ததற்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று மருந்துத் தாளில் அச்சடித்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லேயே எச்சரித்தது. படித்தவன்தான் நான். மாசக் கடைசி, கடை முன்னால் கூட்டம், கை தானாக அந்தத் தட்டுக்குப் போய்விட்டது.

டெங்கு வந்த பிறகு பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. எண்ணிக்கை இறங்கினால் பயம் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே எண்ணிக்கையில் குறை இல்லை. ஒட்டிக்கொள்ளும் குணத்தில்தான் சிக்கல். எங்கே காயம் பட்டாலும் ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பதுதான் தட்டணுவின் வேலை. ரத்தக்குழாய்க்குள் உலோகத்தை வைத்தால் அதையும் அது காயமாகவே நினைக்கும். அந்தக் கம்பி வலை மேல் உடம்பு தன் மெல்லிய தோலைப் படரவிட வாரங்களும் மாதங்களும் ஆகும். அதுவரை தட்டணுக்களை அடக்கி வைக்க வேண்டியது ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்ந்த ஜோடி. குழாயில் குமிழ் மாதிரி வீங்கியிருக்கும் அனியூரிசத்துக்கு வைக்கும் வலை ஸ்டென்ட் இன்னும் நெருக்கமானது. பைப்லைன் என்ற வகையில் தலைமுடி போன்ற 48 இழைகளைப் பின்னியிருக்கிறார்கள். உலோகம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மாத்திரையை நம்பி நிற்கிறது அது. ஸ்டென்டைக் கேத் லேபில் வைப்பது ஒரு மணி நேர வேலை. அதைத் திறந்தபடி வைத்திருப்பது நம் கவுண்டரிலிருந்து தினமும் போகும் மாத்திரை.

இதயத்திலும் இதே கதைதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. மூளைத் தமனி இரண்டரை, மூன்று மில்லிமீட்டர். இதயத் தமனியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் மூளைக்குழாயின் பக்கவாட்டில் தலைமுடி அளவுக் கிளைகள் பிரிகின்றன. அதில் ஒன்று அடைத்தாலும் ஒரு கை, ஒரு பேச்சு போய்விடும். சரி, மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிடலாம் என்றால் அந்தப் பக்கம் ரத்தக்கசிவு காத்திருக்கிறது. மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சு வைக்கலாம். மண்டைக்குள் வந்தால்?

அமெரிக்காவில் நடந்து 2011-இல் முடிவு வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வைச் சொல்ல வேண்டும். மூளைத் தமனிச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்களையும், கண்டிப்பான மருந்து மட்டும் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 451 பேர் சேர்ந்த நிலையில் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ ஸ்டென்ட் பக்கம் 14.7 சதவீதம், மருந்துப் பக்கம் 5.8. அதற்குப் பிறகு சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பது, மருந்துக்கு மீறி பக்கவாதம் வருகிறவர்களுக்கான கடைசி வழியாகச் சுருங்கியது. ஆக, சுருக்கத்துக்கு வைத்த ஸ்டென்டோடு நம் கடைக்கு வருகிறவர் ஏற்கெனவே ஒரு தடவை மருந்து கைவிட்டவர். அவரிடம் மறுபடியும் அதே மாத்திரையைத்தான் நீட்டுகிறோம்.

இனி க்ளோபிடோக்ரெலின் குணத்துக்கு வருகிறேன். நாம் கொடுப்பது மருந்து இல்லை, நெல். வயிற்றுக்குள் போகிறவரை அதற்கு எந்த வேலையும் தெரியாது. அதை அரிசியாக்கும் மில் கல்லீரலில் இருக்கிறது. நூறு பங்கு உள்ளே போனால் 85 பங்கு வேறொரு நொதியிடம் சிக்கித் தவிடாகப் போய்விடும். மிச்சம் 15 பங்குதான் இரண்டு கட்டமாக அரைபட்டு, தட்டணுவின் மேல் இருக்கும் பூட்டில் போய் மாட்டிக்கொள்கிறது. மாட்டிவிட்டால் அந்தத் தட்டணு சாகும்வரை, அதாவது ஏழிலிருந்து பத்து நாள் வரை, ஒட்டும் புத்தி திரும்பாது. மில்லில் முக்கியமான எந்திரத்தின் பெயர் சி.ஒய்.பி.2சி19. ஓமிப்ரசோலும் ஈசோமிப்ரசோலும் இதே எந்திரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. பான்டோப்ரசோல் அந்தத் தொந்தரவை அதிகம் செய்வதில்லை.

எந்திரம் எப்படி அமையும் என்பது பெற்றவர்கள் கொடுத்தது. அப்பா ஒரு பிரதி, அம்மா ஒரு பிரதி. இரண்டுமே பழுது என்றால் நெல்லில் பெரும்பகுதி அரிசியாகாமலே வெளியேறிவிடும். ஐரோப்பிய வம்சத்தாரிடம் இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். நம்மிடம்? புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையினர் தமிழர்களிடம் இதை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் பதினான்கு பேர். நம் கவுண்டர் கணக்கில் யோசியுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏழு பேருக்குக் க்ளோபிடோக்ரெல் கொடுத்தால் அதில் ஒருவர் வெறும் மாவுக்கட்டியை வாங்கிப் போயிருக்கலாம். ஒரே ஒரு பிரதி பழுதாகி, மில் அரைகுறையாக ஓடுகிறவர்கள் இதற்கும் மேலே. தவிர, மூளைக்குள்ளே இருக்கும் தமனிகள் சுருங்குகிற நோயே வெள்ளைக்காரர்களைவிட ஆசியர்களுக்கு அதிகம். எந்த மக்களுக்கு ஸ்டென்ட் தேவைப்படும் வாய்ப்புக் கூடுதலோ, அவர்களிடமே மாத்திரை கேட்காமல் போகும் வாய்ப்பும் கூடுதல்.

அமெரிக்காவில் இந்த மாத்திரை 1997-இல் அனுமதி பெற்றது. இந்தப் பழுதைப் பற்றிக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை 2010 மார்ச்சில்தான் தாளில் ஏறியது. ஆசியர்களும் பசிபிக் தீவினரும் நிறைந்த ஹவாய் மாநிலம் இதற்காக, அந்த மாத்திரையை விற்ற பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப், சனோஃபி நிறுவனங்கள் மேல் 2014-இல் வழக்குப் போட்டது. எங்கள் மக்களில் பலருக்கு இது சரியாக வேலை செய்யாது என்பதைச் சொல்லாமல் விற்றீர்கள் என்பது வழக்கு. 2021-இல் 83 கோடி டாலருக்கு மேல் அபராதம், மேல்முறையீட்டில் மறுவிசாரணை, 2024 மே மாதம் 91 கோடி டாலரைத் தாண்டிய தீர்ப்பு. நிறுவனங்கள் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதை அந்த ஊர் நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் மக்களின் எண் ஜிப்மரிலிருந்து வந்து இருபது வருஷம் தாண்டியும், நம் கவுண்டரில் ஒருத்தர் வாயிலும் அது வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மருத்துவர்கள் இதை ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. கிருமி ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும், அது வேறு. இங்கே யாரும் எதையும் எதிர்க்கவில்லை. மருந்து போதுமான அளவு உருவாகவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும் நோயாளிக்கு ஏதோ தன் உடம்பு முரண்டு பிடிப்பதாகத் தோன்றுகிறது. "அவருக்கு அது கேக்கல" என்ற அந்த அக்காவின் வாக்கியம் எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்கவில்லை என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு, மாத்திரையைச் சாப்பிடாமலே விட்டது. ஆஸ்பிரின் விஷயத்தில் இது இன்னும் அதிகம். ஆஸ்பிரினை உண்மையிலேயே ஏற்காத உடம்பு அபூர்வம் என்பதே என் வாசிப்பு. குடலில் கரையட்டும் என்று மேல்பூச்சுப் பூசிய ஆஸ்பிரின் சிலருக்கு மெதுவாகவும் குறைவாகவும் ஏறும். முழங்கால் வலிக்கு நாம் கொடுக்கும் ஐபுப்ரோஃபன், ஆஸ்பிரின் உட்காரவேண்டிய இடத்தில் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். காலையில் வெறும் வயிற்றில் வலி மாத்திரை, டிபனுக்குப் பிறகு ஆஸ்பிரின் என்று சாப்பிடுகிறவர் எத்தனை பேர்! சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தட்டணுக்களே கூடுதல் மூர்க்கம். பல் பிடுங்கப் போகிறோம் என்று தானாகவே ஐந்து நாள் நிறுத்திவிட்டு வந்து "பல்லுக்கு மாத்திரை குடுங்க" என்று நிற்பவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூளையில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமே ஆனவர் அப்படி நின்றால் என்ன செய்வீர்கள்? நான் இப்போதெல்லாம் போனை எடுத்து அவர் மருத்துவருக்கு அடிக்கிறேன். வெளியே வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். தெரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு, தகராறோடு.

1962-இல் லண்டனில் குஸ்தாவ் பார்ன் என்பவர் ஓர் எளிய காரியம் செய்தார். இயற்பியல் மேதை மாக்ஸ் பார்னின் மகன் இவர். அப்பா ஒளியையும் அணுவையும் பார்க்க, மகன் ஒளியை வைத்து ரத்தத்தைப் பார்த்தார். தட்டணு மிதக்கும் ரத்தநீர் கலங்கலாக இருக்கும். அதில் ஒட்டவைக்கும் பொருளைச் சேர்த்தால் தட்டணுக்கள் திரண்டுவிடும், நீர் தெளியும், ஊடுருவும் வெளிச்சம் கூடும். எவ்வளவு தெளிகிறதோ அவ்வளவு ஒட்டும் குணம். இன்று வெரிஃபைநவ் என்று ஒரு சின்ன எந்திரம், அதே சூத்திரத்தில், படுக்கைப் பக்கத்திலேயே சில நிமிஷங்களில் ஓர் எண்ணைத் தருகிறது. அதற்கு பி.ஆர்.யு. என்று பெயர். எண் பெரிது என்றால் தட்டணு அடங்கவில்லை. மிகச் சிறிது என்றால் ரத்தக்கசிவு பயம். இதய மருத்துவர்கள் 208 என்ற கோட்டைப் பேசுவார்கள். பைப்லைன் வலை வைத்தவர்களை வைத்து 2013-இல் வந்த ஓர் ஆய்வில், 60-க்குக் கீழே போனவர்களும் 240-க்கு மேலே நின்றவர்களும் அதிகமாகச் சிக்கலில் மாட்டினார்கள். ரத்தத்திலோ உமிழ்நீரிலோ மரபணுவையே பார்த்து, மில் ஓடுகிறதா என்று சொல்லும் சோதனையும் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு, பக்கவாதத்துக்குக் க்ளோபிடோக்ரெல் தொடங்கும் முன் இதை எடுக்கலாம் என்று 2024-இல் பரிந்துரைத்துவிட்டது.

தகராறு என்னவென்றால், இதயப் பக்கம் இந்த எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றிய பெரிய ஆய்வுகளான கிராவிடாஸும் (2011) ஆர்க்டிக்கும் (2012) பெரிதாக எந்தப் பலனையும் காட்டவில்லை. அதைச் சொல்லி, சோதனையே வீண் என்பவர்கள் உண்டு. மூளை ஸ்டென்ட் வைக்கும் மருத்துவர்களில் பலர் அதை ஏற்காமல், எண் பார்க்காமல் வலையைத் தொட மாட்டேன் என்கிறார்கள். நான் யார் தீர்ப்புச் சொல்ல? ஆனால் சீனாவில் பழுதான மரபணு உள்ள 6,412 பக்கவாத நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, பாதிப்பேருக்கு க்ளோபிடோக்ரெலும் பாதிப்பேருக்கு டிகாக்ரெலர் என்ற வேறொரு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. 90 நாளில் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் முன்னதில் 7.6 சதவீதம், பின்னதில் 6.0. ஸ்டென்ட் நோயாளிகள் அல்ல அவர்கள். வித்தியாசமும் மலையளவு இல்லை. ஆனாலும் பழுது இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதே மாத்திரையைக் கொடுக்க எனக்குக் கை வராது.

டிகாக்ரெலர் நெல் இல்லை, அரிசியாகவே வருகிறது, மில் தேவையில்லை. அக்காவின் புதுச் சீட்டில் இருந்தது இதுதான். இதைக் கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள் வேறு ரகம். தினம் இரண்டு வேளை. ராத்திரி மாத்திரை மறந்தால் காலைக்குள் வேகம் இறங்கிவிடும். "75 ஆஸ்பிரின் ஸ்டாக் இல்லீங்க, 150 தரட்டுங்களா?" என்று சகஜமாகக் கேட்போமே, டிகாக்ரெலரோடு அது கூடாது. ஆஸ்பிரின் நாளுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டினால் டிகாக்ரெலரின் பலன் குறைவதாக அதன் எச்சரிக்கைக் கட்டமே சொல்கிறது. மூளை நோயாளிகளில் பலர் வலிப்புக்கு ஃபெனிடாயினோ கார்பமசெபினோ சாப்பிடுவார்கள். அவை டிகாக்ரெலரைச் சீக்கிரம் எரித்துவிடும். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் அப்படித்தான். அப்புறம் மூச்சு வாங்குதல். டிகாக்ரெலரைச் சோதித்த பெரிய ஆய்வு ஒன்றில் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பேருக்கு அது வந்தது. நம்மிடம் வந்து "மூச்சுத் திணறுது, இன்ஹேலர் குடுங்க" என்பார்கள்; அல்லது, அதைவிட மோசமாக, சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். பிரசுக்ரெல் என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு அது ஆகாது என்று தாளிலேயே இருக்கிறது. சில மூளை மருத்துவர்கள் வெடிக்காத அனியூரிசத்துக்கு, அளவைக் குறைத்து, தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு சீட்டு வந்தால் பயமுறுத்தாமல், கேட்டு உறுதி செய்துவிட்டுக் கொடுங்கள்.

"நாம கடைக்காரங்க, டாக்டர் இல்ல" என்று உங்களில் சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. மருந்தை மாற்றச் சொல்லவில்லை நான். மாற்றினால் அது குற்றம். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார். நம்மைப் பத்து நாளுக்கு ஒரு தடவை பார்க்கிறார். பத்து நாளுக்கான மாத்திரை வாங்கியவர் பதினெட்டு நாள் கழித்து வந்தால் எட்டு நாள் சாப்பிடவில்லை என்பது கவுண்டரில் நிற்கும் நமக்கு மட்டும்தான் தெரியும். "மூளையில ஸ்டென்ட் வெச்சிருக்காங்களா?" என்ற ஒரு கேள்வி, "எதுக்கும் மாத்திரை கேக்குதான்னு சோதனை உண்டாமா, அடுத்த தடவை டாக்டர்கிட்டக் கேளுங்க" என்ற ஒரு வாக்கியம். இதற்கு லைசென்ஸ் தனியாக வேண்டியதில்லை.

அக்காவிடம் மூன்று முழு அட்டையையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். உதிரி ஆறுக்கும் காசு கொடுத்தேன். அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, இழுப்பறையில் கிடக்கிறது. ஓமிப்ரசோல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாந்தானுங்க கேட்டு வாங்குனேன்" என்றார். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சித்திரையில் மறுபடி வந்தார். தேதித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் மகளை எழுதச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார்: பி.ஆர்.யு. 42.

"கேக்குதுங்களா தம்பி?"

"கேக்குதுங்க அக்கா. நல்லாவே கேக்குது. டாக்டர் இந்த எண்ணப் பாத்தாருங்களா?"

"பாத்தாருங்க. இப்பத்திக்கு இதே இருக்கட்டும்னாரு. எங்காச்சும் ரத்தம் வந்தா ஒடனே வரச் சொன்னாரு."

ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். வேப்பங்குச்சியில் தேய்த்தால் வருகிறது என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், இல்லை. கடையிலிருந்தே போன் போட்டுக் கொடுத்தேன். பேசி முடித்ததும், மெத்தென்று தேய்க்கும் பிரஷ் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். குச்சியை விடமாட்டார் என்றார்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்